ரதியின் தொண்டைக்குத் தேன்

தேனைக் குறை சொன்னால் எனக்குப் பிடிக்காது. ஆனால் தேனை ஆகா ஓகோ என்று புகழ்கிறவர்களைக் கண்டாலும் இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் என் மகள் முன்பெல்லாம் போனில் வீடியோ அனுப்பிக்கொண்டே இருப்பாள். வெந்நீரில் தேன், எலுமிச்சையில் தேன், வெறும் வயிற்றில் தேன். கோட்டுப் போட்ட ஒருவர் கையை ஆட்டி ஆட்டி, தேனுக்கு அடங்காத நோயே உலகத்தில் இல்லை என்பார். இப்போது அவள் அனுப்புவதில்லை. வேறு யாராவது அனுப்பினாலும் நான் திறந்து பார்ப்பதில்லை.

தேன் நல்லதில்லை என்று நான் சொல்லவில்லை. கொட்டகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் பிள்ளை மடுவத்தில் எனக்கு வேலை. அம்மாமார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மழையும் பனியும் மாறி மாறி அடிக்கிற ஊரில் பிள்ளைகளுக்கு இருமல் வராமல் என்ன செய்யும்? கொஞ்சம் வளர்ந்த பிள்ளையாக இருந்தால் தூங்கப்போகும் முன் அரைக் கரண்டி தேன் கொடுக்கச் சொல்லுவேன். மறுநாள் அந்த அம்மா சிரித்த முகத்தோடு வருவாள். வாய்ப்புண்ணுக்குத் தடவியிருக்கிறேன். அடுப்பில் சுட்டுக்கொண்ட என் கைக்கே, தண்ணீரில் நன்றாகக் காட்டிவிட்டுத் தேன் பூசி ஆற வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தையின் நாக்கில் தேனைத் தொட்டு வைக்க யாராவது வந்தால் என் வாயிலிருந்து தப்ப முடியாது. கூடவே கூடாது என்று மிட்வைஃப் நோனா சொல்லியிருக்கிறார். சேனை தொடுகிறேன் என்று கிண்ணத்தோடு வந்த ஒரு தாய்மாமனையே வாசலோடு திருப்பி அனுப்பியவள் நான். மடுவத்தில் என் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. வீட்டில்தான் இல்லை.

தேன் எங்களுக்கு நாட்டிலிருந்து வரும். நாடு என்றால் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் சிங்களக் கிராமம். அங்கிருந்து ஒரு வயதான மனிதர் பழைய சாராயப் போத்தல்களில் தேனை ஊற்றி, உரப்பையில் சுமந்துகொண்டு ஏறி வருவார். எங்கள் ஆட்கள் அவரைச் சும்மா விடமாட்டார்கள். ஒருவர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். ஒருவர் தீக்குச்சியைத் தேனில் முக்கி உரசுவார். இன்னொருவர் எறும்பு வருகிறதா என்று தரையில் ஊற்றிவிட்டுக் குந்திக்கொண்டிருப்பார். அந்த மனிதர் பொறுமையாக நின்று வெற்றிலை மெல்லுவார். அவர் தேன் ஒருநாளும் பொய்யாக இருந்ததில்லை. நல்ல கறுப்புத் தேன், வாயில் வைத்தால் லேசாகக் கசக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் அவரைச் சந்தேகப்படக் கூடாது.

என் வீட்டுக்காரருக்குத் தோட்டத்தில் கவ்வாத்து வேலை. வளர்ந்த தேயிலையைக் கத்தியால் வெட்டிக் கட்டையாக்குவது. முறுக்கிய மீசை, கருங்கல் போலக் கை. மாசி மாதம் வந்தால் மட்டும் அந்த மீசை போய்விடும். ஏனென்றால் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் அவர்தான் ரதி. தவத்தைக் கலைத்த மதனைச் சிவன் எரித்துவிடுவார், புருசனைப் பறிகொடுத்த ரதி அழுது புரண்டு பாடுவாள். பல வருசமாக அந்தப் பாட்டு இவருடையது. நெருப்புக்கு முன்னால் அவர் வாய் திறந்தால் தப்பு மேளம் அடிக்கிறவனுக்கே கை தளரும். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் பெண்கள் வந்து, அழுவதற்கென்றே முன்வரிசையில் உட்காருவார்கள்.

"எனக்குத் தாலி கட்டுன அன்னிக்குக்கூட இம்புட்டு நேரம் கண்ணாடி பாக்கல நீங்க" என்பேன், அவர் முகத்துக்கு அரிதாரம் பூசும்போது.

"அன்னிக்கு என்னைய பாக்க யாரு வந்தா புள்ள? எல்லாரும் ஒன்னையத்தான பாத்தாங்க" என்பார். சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி ரதி மாதிரியே இடுப்பை ஒடிப்பார். நான் கரண்டியால் ஓங்குவேன்.

எங்கள் வீட்டில் பேச்சு என்றால் அது, வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்கிற எங்கள் லயம் முழுக்கக் கேட்கும். அவருக்கு இடிக்குரல், எனக்கு மூக்குக்கு மேல் கோபம். சண்டை தொடங்கினால் கடைசித் தொங்கல் வீடு வரைக்கும் வானொலியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட குரல் ஒரு மார்கழியில் கரகரத்தது. பனிக்குப் பிடித்த சளி என்று நினைத்தோம். தை பிறந்தது, பொங்கல் வைத்தோம், கரகரப்பு போகவில்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, சாப்பாடு வழக்கம்போல. குரல் மட்டும் உமி தின்றவன் குரல் மாதிரி இருந்தது.

கூத்து நெருங்குகிறது, ரதிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. இந்தச் செய்தி போதாதா? லயமே வைத்தியராகிவிட்டது. முதல் வீட்டிலிருந்து இஞ்சிச் சாறும் தேனும் வந்தது. அடுத்த வீட்டிலிருந்து மிளகுத் தூளும் தேனும். துளசியை இடித்துத் தேனில் குழைத்து ஒரு தங்கச்சி கொண்டுவந்தாள். கூத்து வாத்தியார் வெற்றிலைச் சாறும் தேனும் என்று ஒரு கணக்குச் சொன்னார். மகள் கொழும்பிலிருந்து வீடியோவாக அனுப்பித் தள்ளினாள். எல்லாவற்றிலும் தேன்தான் நடுவில் உட்கார்ந்திருந்தது. நாட்டு மனிதருக்கு அந்த மாதம் எங்கள் லயத்திலேயே போத்தல் எல்லாம் விற்றுத் தீர்ந்தது, தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு ஏறவே தேவை இல்லாமல் போனது. நானும் காலையில் வெந்நீரில் கலந்து கையில் கொடுத்தேன். அவர் அதைக் குடித்துவிட்டுப் பின்பக்கம் போய் பீடி பற்றவைப்பார்.

"குடிச்ச தேனெல்லாம் பொகையா போகுதே, அதுக்குக் குடிக்காமயே இருக்கலாம்ல?" என்று கத்துவேன்.

"பீடி இல்லாம கவ்வாத்துக் கத்தி ஏறாது புள்ள" என்பார்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த டாக்டரையா அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். மார்கழியிலிருந்து என்றதும் முகம் மாறியது. "இது சாதாரணத் தொண்டைக்கட்டு மாதிரி தெரியல. கரகரப்பு இவ்வளவு நாள் நிக்கக் கூடாது. உள்ளுக்குக் கேமரா விட்டுப் பாக்கணும்" என்று சொல்லி நுவரெலியா ஆஸ்பத்திரியின் தொண்டை கிளினிக்குக்குத் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கிளினிக் நாளைப் பார்த்தால், அது காமன் கம்பம் நட்டுக் காப்புக் கட்டிய பிறகு வருகிறது.

காப்புக் கட்டினால் கூத்தாடுகிறவர்கள் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. மஞ்சள் கயிறு கையில் இருக்கும்வரை வெளியூர் இல்லை, கவிச்சி இல்லை, பீடி சாராயம் இல்லை, தீட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. இது பொதுவான கட்டு. ரதிக்கும் மதனுக்கும் இன்னும் ஒரு கட்டு உண்டு. அவர்கள் இருவரும் கூத்துக்குள் புருசன் பெண்டாட்டி ஆனவர்கள். ரதி காப்போடு எல்லை தாண்டினால் ஆடுகிறவனின் பெண்டாட்டிக்கு ஆகாது என்று எங்கள் தோட்டத்தில் ஒரு பேச்சு. முன்பு ஒருவர் அப்படிப் போய், அவருடைய மனைவி அந்த வருசமே போய்ச் சேர்ந்தாளாம். போனவர் யார், செத்தவள் யார் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் பேச்சு மட்டும் கெட்டியாக நிற்கும்.

நான் நேராகக் கூத்து வாத்தியாரிடம் போனேன். அவர் நல்ல மனிதர். "உசுரு சமாச்சாரம்னா சாமி கோவிச்சுக்காது தங்கச்சி. காமன் பொட்டல்ல கற்பூரம் ஏத்தி, கயித்த அவுத்து வச்சிட்டுப் போயிட்டு வரட்டும். வந்து திரும்பக் கட்டிக்கலாம்" என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது. வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். இவர் ஒற்றைக் காலில் நின்றார்.

"வாத்தியாரு சொல்லுவாரு. அவரு பொண்டாட்டிக்கா ஆகப் போகுது?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது! ஒங்களுக்கு ஆகுறத மொதல்ல பாருங்க."

"ஒனக்கு ஒண்ணுன்னா நான் என்னா செய்வேன்? அந்தப் பாட்டப் பாடிப் பாடியே எனக்குப் பயமா இருக்கு புள்ள."

கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவர் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கோபத்தில் கத்த வந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நான் விடவில்லை. பையில் அவருக்கு ஒரு சட்டை, சாறம், துண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். மடுவத்துக்கு லீவு சொன்னேன். கிளினிக் நாள் காலையில் ஆள் வராவிட்டால் அவரைக் கட்டி இழுத்தாவது முதல் பஸ்ஸில் ஏற்றுவது என்று முடிவு செய்துகொண்டேன். அவரும் அதற்குள் பீடியை விட்டார். உண்மையாகவே விட்டார், காப்புக்குப் பயந்து. பேச்சைக் குறைத்தார். கரண்டி கரண்டியாகத் தேன் குடித்தார்.

கிளினிக் நாள் விடிந்தது. நான் எழுந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் பீலிக்கரையில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் மெதுவாக ராகம் இழுத்தார். பிறகு கொஞ்சம் உரக்க. பிறகு முழுக்குரலில் ரதியின் முதல் பாட்டைப் பாடினார். குரல் சுத்தமாக, மணி மாதிரி வந்தது. அக்கம்பக்கத்தில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "அண்ணனுக்குத் தொண்டை தொறந்திருச்சி!" என்று யாரோ கூவினார்கள். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

"பாத்தியா? தேன் செய்ற வேலைய ஆஸ்பத்திரி செய்யுமா?" என்று ஈர முகத்தோடு சிரித்தார்.

அன்றைக்குத் தேன் என் வாயை அடைத்துவிட்டது. கட்டி வைத்த பையை நானே அவிழ்த்துச் சட்டையைக் கொடியில் போட்டேன். பஸ் வளைவில் ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. தேன் செய்தது உண்மையான வேலைதான். புண்பட்ட தொண்டைக்கு அது இதம் தந்தது, வீக்கத்தைக் கொஞ்சம் ஆற்றியது, பீடி நின்றதும் கூட உதவியது. தேன் ஒன்றுக்கும் உதவாத பொருளாக இருந்திருந்தால் அவரை நான் அன்றே பஸ்ஸில் ஏற்றியிருப்பேன். அதை நினைத்தால் இன்றும் ஆறவில்லை.

கூத்து நடந்தது. காமனை எரிக்கிற விடியலில் அவர் ரதியாக அழுதார். அந்த வருசம் பாடியது போல எந்த வருசமும் பாடியதில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் முன்வரிசையில் இருந்து அழுதேன்.

காப்பு அவிழ்த்த மறுநாளே குரல் மீண்டும் கரகரத்தது. "பாடுனதுல கட்டிக்கிச்சு, தேன் குடிச்சா சரியாயிரும்" என்றார். ஒருமுறை சரியானதைக் கண்ணால் பார்த்த பிறகு எப்படி இல்லை என்று சொல்வது? கிளினிக்குக்கு வேறு நாள் வாங்க வேண்டும். சித்திரையில் கொழுந்து கொழித்தது, ஆளுக்கு ஆள் வேலை, இவரையும் வேறு மலைக்குப் போட்டார்கள். தேன் குடித்தால் இரண்டு நாள் கொஞ்சம் தேவலை. பிறகு மோசம். பிறகு மறுபடியும் கொஞ்சம் தேவலை. இப்படியே அது எங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டே போனது. ஆடியில் குரல் வெறும் காற்றாகிவிட்டது. மேட்டில் ஏறினால் மூச்சு விசில் அடித்தது. அன்று நான் அவரைக் கேட்கவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டு உள்ளே தள்ளினேன்.

நுவரெலியாவில் பார்த்துவிட்டு நேரே கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். குரல்வளையில் புற்று. அங்கே இருந்த டாக்டர் சிங்களத்தில்தான் பேசினார், ஆனால் மெதுவாகப் பேசினார், எனக்கு எல்லாம் விளங்கியது. குரல் கெட ஆரம்பித்தபோதே வந்திருந்தால் கதிர்ச் சிகிச்சையிலேயே குணப்படுத்தியிருக்கலாம், குரலும் தப்பியிருக்கும் என்றார். இப்போது குரல்வளையை எடுத்தால்தான் ஆள் தப்புவார். நான் தேன் கதையைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் திட்டவில்லை.

"தேன்ல குத்தம் இல்ல அம்மா. தொண்டைக்கு அது நல்லதுதான். எங்க வீட்டுலயும் குடிக்கிறோம்" என்பதுதான் அவர் சொன்னதன் அர்த்தம். "ஆனா குரல் மூணு வாரத்துக்கு மேல அடைச்சிருந்தா, தேன் குடிச்சிக்கிட்டே இங்க வரணும்."

தேன் குடித்துக்கொண்டே வந்திருக்கலாம். பாருங்கள், எவ்வளவு சின்ன விசயம்! தேனா ஆஸ்பத்திரியா என்று எங்களுக்கு யார் பந்தயம் வைத்தது? இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். வாத்தியாரும் போகச் சொன்னார், சாமியும் தடுக்கவில்லை. இந்த மனிதர்தான் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து நின்றார்.

ஆப்பரேசன் முடிந்து இப்போது அவர் கழுத்தில் உள்ள துளையால் மூச்சு விடுகிறார். அதை ஒரு மெல்லிய துணியால் மறைத்துக்கொள்வார். ஆள் தேறிவிட்டார், நன்றாகச் சாப்பிடுகிறார், வீட்டுத் தோட்டத்தில் கரட்டும் லீக்ஸும் போடுகிறார். மீசையையும் வளர்த்துவிட்டார். நான் வழக்கம்போலக் கத்துகிறேன். பதிலுக்கு அவர் உதடு மட்டும் அசையும். எதிரில் ஆளில்லாமல் எவ்வளவு நேரம்தான் சண்டை பிடிப்பது? பாதியிலேயே எனக்குச் சப்பென்று ஆகிவிடும். எங்கள் வீட்டிலிருந்து சத்தம் வராதது லயத்தில் எல்லாருக்கும் ஒரு மாதிரியாக இருக்கிறது என்று தங்கச்சி ஒருத்தி சொன்னாள். எனக்கு எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

நாட்டு மனிதர் இப்போதும் வருகிறார். விசயம் கேள்விப்பட்டு முதல் தடவை வந்தபோது எங்கள் வாசலில் கூச்சத்தோடு நின்றார், ஏதோ அவர் தப்புச் செய்தது மாதிரி. நான் வழக்கம்போல ஒரு போத்தல் வாங்கினேன். மடுவத்துப் பிள்ளைகளுக்கு இருமல் வரத்தானே செய்யும். ஆனால் யாருக்காவது தேன் கொடுக்கும்போது, எத்தனை நாளாக இருக்கிறது என்று முதலில் கேட்கிறேன். நாள் கூடியிருந்தால் கையில் தேனையும் கொடுத்து, டிஸ்பென்சரி வாசல்வரைக்கும் நானே கூட்டிக்கொண்டு போகிறேன். சிலர் சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

போன மாதம் ஒருநாள் மடுவத்தைப் பூட்டிவிட்டு வந்தேன். லயத்து முனை திரும்பும்போதே அவர் பாடுகிற குரல் கேட்டது. எங்கள் வீட்டுக்குள்ளிருந்துதான். கால் அப்படியே நின்றுவிட்டது. புத்திக்குத் தெரிகிறது, ஆனாலும் ஓடினேன். கட்டிலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேல் டிவிசனில் யாரோ எடுத்து வைத்திருந்த வீடியோவாம், அவருடைய கடைசிக் கூத்து. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். இரண்டு பேரும் பார்த்தோம்.

நெருப்புக்கு முன்னால் ரதி மண்டியிட்டுப் பாடுகிறாள். குரலை மேலே, இன்னும் மேலே இழுக்கிறாள். உச்சியில் பாட்டு சட்டென்று அறுகிறது. ரதி இரண்டு கையாலும் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் சரிகிறாள், வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. அந்த இடத்தில் பெண்கள் எல்லாரும் ஒரே குரலாக ஓவென்று அழுதார்கள். அதில் பெரிய குரல் என்னுடையது, போனில் தனியாகக் கேட்டது.

"இந்த எடம் யாரு சொல்லிக் குடுத்தது? முந்தின வருசமெல்லாம் இப்படிச் செய்யலையே நீங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். யாரும் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அப்ப வலிச்சிச்சா?"

ஆமாம் என்று உதட்டை அசைத்தார். போனில் நான் இன்னும் அழுதுகொண்டிருந்தேன், என்னமாய் நடிக்கிறார் என்று நினைத்து.